அகமும் புறம்போக்கும்: வீட்டின் உட்புறம் பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

'இன்டீரியர்' என்ற சொல் இன்றைக்குத் தமிழ்ச் சொல்லாகவே ஆகிவிட்டது. அடுக்ககத்தில் வீடு வாங்கியவரிடம் "இன்டீரியர் பண்ணியாச்சா?" என்று கேட்பது, "கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்பதைப் போன்ற ஒரு சாதாரண விசாரிப்பு. பொய்க்கூரை, மாடுலர் கிச்சன், டி.வி. யூனிட், சுவரோடு சுவராகப் பொருத்திய அலமாரி, பூஜை அறைக்குக் குத்துவிளக்கு செதுக்கிய கதவு. இவற்றைப் பற்றிய பேச்சு முழுவதும் ஒரு முன்அனுமானத்தின் மேல் நிற்கிறது. முதலில் ஒரு காலிப் பெட்டி இருக்கிறது. அது எனக்குச் சொந்தம். அதை நிரப்புவது என் ரசனை. இந்த மூன்றும் இயல்பானவை, எல்லாருக்கும் பொதுவானவை என்பதாகவே அலங்காரச் சொல்லாடல் பேசுகிறது.

இவற்றில் எதுவும் இயல்பானதல்ல, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். அந்த வரலாற்றைச் சென்னையிலிருந்து பார்ப்பதைவிடக் காஞ்சிபுரத்துக் கிராமப்புறத்திலிருந்து பார்ப்பது பலன் தரும். காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி, பெரிய ஏரியோடு இருக்கிறது தாமல். தெற்கே உத்திரமேரூர். கிழக்கே அதே நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகள். வீடு என்பது யாருக்கு எப்படி வாய்த்தது என்ற கேள்விக்கு இந்தச் சின்ன நிலப்பரப்பில் ஆயிரம் ஆண்டு ஆவணம் கிடைக்கிறது.

வால்டர் பெஞ்சமின் 1935இல் பாரீஸ் பற்றி எழுதியபோது ஒரு விஷயத்தைக் கவனித்தார். லூயி ஃபிலிப் காலத்தில்தான் தனிமனிதனுக்கு வசிக்கும் இடம் வேலை செய்யும் இடத்துக்கு எதிரானதாக முதன்முதலாக ஆனது. அந்தப் பிரிவினையிலிருந்தே பூர்ஷ்வா உட்புறம் பிறந்தது. அலுவலகத்தில் யதார்த்தத்தோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு வீட்டில் மாயைகள் தேவைப்படுகின்றன. சரி, பாரீஸ் இருக்கட்டும். தொண்டை மண்டலத்தில் யாருக்கு வேலையும் வீடும் பிரிந்திருந்தன? தறிக்குழியில் கால்வைத்துத் தூங்கியெழுந்த நெசவாளிக்கா? குடிசை போட்டிருக்கும் மண்ணே மிராசுதாருக்குச் சொந்தம் என்றிருந்த பண்ணையாளுக்கா?

2

சொற்களிலிருந்து தொடங்கலாம். அகம் என்றால் உள், மனம், வீடு என மூன்றும். அந்த அகம்தான் பிராமணர் பேச்சில் 'ஆம்' ஆகி, 'ஆத்துக்காரர்' வரை வந்து நிற்கிறது. இல் என்பதிலிருந்து இல்லாள். மனை என்பதிலிருந்து மனைவி. வீட்டின் பெயரும் பெண்ணின் பெயரும் ஒரே வேரில் கட்டிப்போடப்பட்டிருக்கின்றன. வீடு என்ற சொல்லோ 'விடு' என்பதிலிருந்து வருவது. மோட்சத்துக்கும் அதே பெயர். சங்க இலக்கியத்தின் அகம்/புறம் எதிர்மையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். ஆனால் வருவாய்த் துறைக்கு ஒரு புறம் உண்டு, புறம்போக்கு என்று. அதை யாரும் அகத்தோடு சேர்த்து வாசிப்பதில்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்கொள்வோம். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். குடவோலை முறை, கிராம ஜனநாயகம், உலகுக்கே முன்மாதிரி என்று பள்ளிப் பாடத்திலிருந்து பாராளுமன்றப் பேச்சு வரைக்கும் பெருமை பேசப்படுகிற கல்வெட்டு. யாருடைய பெயர் ஓலையில் எழுதப்படலாம் என்பதற்கு அதில் தகுதிகள் வருகின்றன. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள். வேதக் கல்வி வேண்டும். கூடவே இன்னொன்று: சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். அந்த வீட்டுக்குக் கல்வெட்டு பயன்படுத்தும் சொல் 'அகம்'.

இந்தத் தகுதியைப் பொதுவாக யாரும் நின்று வாசிப்பதில்லை. வீடு அங்கே கூரையல்ல, அரசியல் தகுதி. தன் மனையில் அகம் இல்லாதவன் பெயர் குடத்துக்குள் விழாது. சதுர்வேதிமங்கலம் பிராமண ஊர். சபை பிராமணர் சபை. நிலத்தில் உழுதவர், தறியில் நெய்தவர், ஏரிக்கரையில் மண் சுமந்தவர் ஆகியோர் ஜனநாயகத்தின் புறத்தே இருந்தார்கள். ஏரிக்கு வாரியம் உண்டு, தோட்டத்துக்கு வாரியம் உண்டு, பொன்னை மதிப்பிட வாரியம் உண்டு. ஏரியில் இறங்கி வேலை செய்தவனுக்கு வாரியத்தில் இடம் கிடையாது.

இன்னொரு சொல்லும் இங்கே கவனத்துக்குரியது. சோழர் காலத்துப் பிரமதேயங்களில் 'சேரி' என்பது பிராமணர் குடியிருந்த பகுதிக்கும் வழங்கிய பெயர். சேர்ந்து இருப்பது சேரி, அவ்வளவுதான். பிற்பாடு அந்தச் சொல் ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர்களின் இடத்துக்கு மட்டும் உரியதாகச் சுருங்கியது. ஊர்/சேரி என்ற எதிர்மை இயற்கையாக வந்தது இல்லை என்பதற்குச் சொல்லின் வரலாறே சாட்சி. மயமதம் போன்ற சிற்ப நூல்களும் வருணத்துக்கு வருணம் மனையின் இடத்தையும் அளவையும் பிரித்துத்தான் பேசுகின்றன. இன்று மூன்றாம் மாடி ஃப்ளாட்டில் அடுப்பு அக்னி மூலையில் இல்லையே என்று சுவரை இடிக்கிறவர்கள், அதே நூல்மரபின் பாதியை மட்டும் கையில் வைத்திருக்கிறார்கள். மீதிப் பாதி எங்கே போனது என்றால், மனை விற்பனை முகவரின் வாய்மொழியிலும், 'வெஜிடேரியன்ஸ் ஒன்லி' என்ற வாடகை விளம்பரத்திலும் போய் உட்கார்ந்திருக்கிறது.

3

1767க்கும் 1774க்கும் இடையில் தாமஸ் பர்னார்டு செங்கல்பட்டு ஜாகீரை அளந்தார். ஏறத்தாழ 2000 கிராமங்கள். ஒவ்வொரு ஊரிலும் எந்தச் சாதிக்கு எத்தனை வீடு என்று கணக்கெடுத்தார்கள். காலனிய அரசுக்கு வீடு என்பது முதலில் ஓர் எண். அந்த எண்ணுக்குள் ஒரு பெரிய வித்தியாசம் மறைந்திருந்தது. மிராசுதாரின் வீடு அவருடையது. பறைச்சேரியில் இருந்த வீடு, இருந்தவருடையது அல்ல. சேரி நத்தமும் தங்கள் மிராசு உரிமையில் அடங்கியது என்பது மிராசுதார்களின் வாதம்.

இதன் பொருள் என்ன? பண்ணையாள் வேறு ஊரில் கூலி தேடிப் போனால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால், தரிசு நிலத்துக்கு விண்ணப்பம் போட்டால், மிராசுதார் அடிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. "குடிசையைப் பிரிச்சுக்கிட்டுப் போ" என்றால் போதும். 1843இல் அடிமை முறை சட்டத்தில் செல்லாததாக ஆனது. ஆனாலும் அடிமைத்தனம் வீட்டுமனை வழியாக உயிரோடிருந்தது. விலங்கு காலில் இல்லை, காலுக்குக் கீழே இருந்த மண்ணில் இருந்தது.

செங்கல்பட்டில் வேலை செய்த ஸ்காட்லாந்து மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூர்ப் பக்கம் இருந்த வெஸ்லியன் மிஷனரி வில்லியம் கௌடி போன்றவர்கள் இதை எழுதத் தொடங்கினார்கள். 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பிலிருந்த டிரெமென்ஹீர், செங்கல்பட்டுப் பறையர்கள் பற்றிய தம் குறிப்பை அரசுக்கு அனுப்பினார். நிலம், கல்வி ஆகியவற்றோடு வீட்டுமனையின் மீதான பிடியும் அதில் மையமான பிரச்சினை. 1892இல் வந்த அரசாணையின் விளைவே பின்னாளில் பஞ்சமி நிலம் என்று பெயர் பெற்றது. 12 லட்சம் ஏக்கர் என்று தலித் இயக்கங்கள் சொல்லிவரும் அந்த நிலத்தில் பெரும்பகுதி கைமாறிப் போனது. அதை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபரில், இதே செங்கல்பட்டு வட்டாரத்தில், காரணையில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் இறந்தார்கள்.

அலங்காரத்தைப் பற்றிய கட்டுரையில் இதெல்லாம் எதுக்கு என்று கேட்கலாம். தரை தன்னுடையது இல்லை என்கிறபோது சுவரில் எவன் சுண்ணாம்பு அடிப்பான்? நாளைக்குப் பிரிக்கச் சொன்னால் பிரிக்க வேண்டிய வீட்டுக்கு யார் கல் கால் போடுவார்கள்? சேரிக் குடிசைகளின் 'எளிமை'யை வறுமை என்றோ, இயற்கையோடு இயைந்த வாழ்வு என்றோ வாசிப்பதற்கு முன்னால், அது உரிமையின்மையின் கட்டடக்கலை என்று வாசிக்க வேண்டும். அடால்ஃப் லோஸ் ஆபரணத்தைக் குற்றத்தோடு சேர்த்துப் பேசினார். வியன்னாக்காரருக்கு அது அழகியல் கலகம். இங்கே ஆபரணம் வைத்துக்கொண்டது உண்மையாகவே குற்றமாக இருந்தது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள் என்பதை 1931 குடிக்கணக்கின் ஆணையர் ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி அணியக் கூடாது என்பதோடு அதில் ஒன்று: வீட்டுக்குள் மண்பாத்திரம் மட்டுமே புழங்கலாம். பித்தளைச் செம்பு கூடாது. கவனியுங்கள், இது தெருவுக்கான தடை இல்லை, கோயிலுக்கான தடை இல்லை. சாதி வாசலைத் தாண்டி அடுக்களைக்குள் போய் எந்தப் பாத்திரம் என்று பார்த்திருக்கிறது. அகம் என்ற ஒன்றே அனுமதிக்கப்படாத நிலை இது.

4

ஆனாலும் குடிசைக்கு உள்புறம் இருந்தது. அதைச் செய்தவர்கள் பெண்கள். ஏரி மண்ணை மிதித்துக் குழைத்துச் சுவர் எழுப்புவது, பனையோலையோ கீற்றோ வேய்வது ஆணும் பெண்ணும் சேர்ந்து செய்யும் வேலை. அதற்குப் பிறகு வருகிற அத்தனையும் பெண் உழைப்பு. சாணி மெழுகுவது, சுவரில் செம்மண் பட்டை இழுப்பது, விளக்கு மாடத்தின் கரியைத் துடைப்பது. ஒரே அறைதான். தரையில் இடம் கிடையாது என்பதால் வீடு மேல்நோக்கி அடுக்கப்பட்டது: கஞ்சிச் சட்டிக்கு உறி, விதைக்கும் விறகுக்கும் பரண், துணிக்குக் கொடி, குழந்தைக்குப் புடவைத் தூளி. இன்று 'ஸ்பேஸ் சேவிங்' என்று அலங்கார நிபுணர் விற்பதை இந்தப் பெண்கள் காசு வாங்காமல் செய்தார்கள். அவர்களை யாரும் வடிவமைப்பாளர் என்று சொன்னதில்லை. மெழுகிய தரை ஒரு வாரம்கூடத் தாங்காது, திரும்பவும் மெழுக வேண்டும். அழியும் உழைப்புக்கு வரலாறு எழுதுவது கடினம். அதனாலேயே நம் வீட்டு வரலாறுகள் எல்லாம் தூண்களின் வரலாறாக, தேக்கு உத்தரங்களின் வரலாறாக இருக்கின்றன.

இதை ரொமாண்டிசைஸ் பண்ண வேண்டியதில்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் அடியாட்களுக்குப் பயந்து ஒளிய ராமையாவின் சின்னக் குடிசை ஒன்றுதான் இருந்தது. உள்ளே போன 44 பேர் எரிந்து செத்தார்கள். ஓலைக்கூரையின் அழகைப் பற்றி எழுதுகிறவர்கள் அது எவ்வளவு சுலபமாகத் தீப்பிடிக்கும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். கூரை மாறவேண்டும் என்ற கோரிக்கை ரசனையிலிருந்து வந்ததல்ல, உயிரிலிருந்து வந்தது.

காஞ்சிபுரத்து நெசவாளி வீடு வேறு வகை. அங்கே வீட்டின் அளவைத் தீர்மானித்தது மனிதன் இல்லை, தறி. கூடத்தின் நல்ல இடம், வெளிச்சம் விழும் இடம், தறிக்கு. தரையில் குழி; குழிக்குள் மிதிபலகை. மிச்சத்தில் குடும்பம் சமைத்து, உண்டு, தூங்கியது. பாவு விரிக்க வீடு போதாது என்பதால் தெருவும் வீட்டின் நீட்சியானது. விடிகாலையில் தெரு முழுக்கப் பட்டிழை. பெஞ்சமின் சொன்ன பிரிவினை இங்கே நடக்கவேயில்லை. வேலையே வீட்டுக்குள் குடியிருந்தது, மனிதர்கள் அதைச் சுற்றி வாடகைக்கு இருந்த மாதிரி.

இதற்கு ஒரு சட்டப் பரிமாணமும் உண்டு. கோர்வைக் கரை போட நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். பல வீடுகளில் அது குழந்தையின் கை. பல சமயம் முன்பணத்துக்கு அடகு வைக்கப்பட்ட கை. காஞ்சிபுரம் பட்டில் கொத்தடிமைக் குழந்தை உழைப்பு பற்றி மனித உரிமைக் கண்காணிப்பகத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கை விரிவாகப் பேசியது. 1986 குழந்தைத் தொழிலாளர் சட்டமோ குடும்பத்தார் துணையோடு நடக்கும் வேலைக்கு விலக்கு அளித்திருந்தது. தொழிற்சாலைக்குள் ஆய்வாளர் வரலாம், வீட்டுக்குள் வரமுடியாது. 'அகத்தின் புனிதம்' யாரைக் காப்பாற்றியது? குழந்தையை இல்லை, முதலாளியை. மண்பாத்திரத்தைச் சோதிக்க வாசல் தாண்டி உள்ளே வந்த அதிகாரம், குழந்தையின் கையைப் பார்க்கவேண்டிய இடத்தில் வாசலிலேயே மரியாதையாக நின்றுகொண்டது.

1996இல் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா திறக்கப்பட்டது. பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுவிய அந்த வளாகத்தில் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளி வீடும் உண்டு. இடிந்து போயிருக்க வேண்டிய கட்டடங்களைக் காப்பாற்றியதில் அதன் பங்கைக் குறைத்துச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் அருங்காட்சியகத்தில் வீடு மட்டும்தான் வரும். முன்பணக் கணக்கு வராது. ஈரக் குழியில் முப்பது வருடம் கால் வைத்தவனின் மூட்டுவலி வராது.

5

தமிழ்நாட்டுக் கிராமத்தில் நவீன உட்புறத்தை வடிவமைத்தது எந்த அலங்கார நிபுணரும் இல்லை, அரசு. 1971இல் குடியிருப்பு உரிமைச் சட்டம், நிலக்கிழாரின் மனையில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையின் உடைமையை வழங்கியது. டிரெமென்ஹீர் குறிப்பிலிருந்து எண்ணினால் 80 வருடம். காகிதத்தில் வந்தது எல்லாம் கையில் வந்துவிட்டது என்று சொல்லமுடியாது. இருந்தாலும் 'பிரிச்சுக்கிட்டுப் போ' என்ற வாக்கியத்தின் சட்ட பலம் போனது. உட்புறத்தின் வரலாறு இங்கேதான் தொடங்குகிறது என்பேன்.

1985இல் இந்திரா நினைவுக் குடியிருப்பு, காலனி வீடுகள், 1990களின் பிற்பகுதியில் பெரியார் நினைவுச் சமத்துவபுரம், 2010இல் குடிசைகளைக் கான்கிரீட்டாக்கும் திட்டம், 2011இல் 300 சதுர அடிப் பசுமை வீடு, 2024இல் 360 சதுர அடிக் கலைஞரின் கனவு இல்லம். ஒவ்வொரு திட்டத்திலும் வரைபடம் மேலேயிருந்து வருகிறது. ஹால், படுக்கையறை, சமையலறை, கழிப்பறை. 'படுக்கையறை' என்ற பெயரே புதுசு. புருஷன் பெண்டாட்டிக்குத் தனியறை என்ற எண்ணம் ஓர் அரசு வரைபடத்தின் வழியாக முதல்முறையாக வீட்டுக்குள் வருகிறது. ஆடு எங்கே கட்டுவது, நெல் எங்கே காயவைப்பது, நாலு பெண்கள் உட்கார்ந்து பேசுவது எங்கே என்பது வரைபடத்தில் இருக்காது. திண்ணை கிடையாது. ஆகவே மக்கள் திருத்தி எழுதுகிறார்கள்: முன்னால் ஒரு தகரச் சாய்ப்பு, பின்னால் விறகடுப்புக்கு ஒரு கீற்றுக் கொட்டகை. அரசு தரும் பிரதியின் ஓரத்தில் மக்கள் எழுதும் குறிப்புகள் இவை.

2006க்குப் பிறகு இலவச வண்ணத் தொலைக்காட்சி. 2011க்குப் பிறகு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. நகரத்து நடுத்தர வர்க்கம் இதைப் பிச்சை என்று கேலி செய்தது. அம்மியும் ஆட்டுக்கல்லும் பெண்ணின் தோளிலிருந்து இறங்கிய கதையாக அதை வாசிக்க அவர்களுக்குத் தெரியவில்லை. மண்பாத்திரம் மட்டும்தான் என்ற 1930ஐ நினைத்துக்கொண்டு பார்த்தால், ஒரு சேரி வீட்டின் அலமாரியில் எவர்சில்வர் பாத்திரம் வெளியே தெரிய அடுக்கி வைக்கப்பட்டிருப்பது வெறும் அலங்காரமா?

இல்லை என்று எதிரிக்குத் தெரியும். 1995 ஆகஸ்டில் கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்தபோது நொறுக்கப்பட்டவை டி.வி., மின்விசிறி, தையல் மிஷின், தானியம், பாத்திரம். 2012 நவம்பரில் தர்மபுரி நத்தம் காலனி உள்ளிட்ட குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டபோதும் குறி அதேதான்: பீரோ, ஃப்ரிட்ஜ், கட்டில், சேர்த்து வைத்த நகை. ஆட்களைவிட உட்புறத்தின் மேல் கோபம். தலித் வீட்டின் ஹால் ஒரு அரசியல் அறிக்கை என்பதை விமர்சகர்களைவிடக் கலவரக்காரர்கள் நன்றாக வாசித்திருக்கிறார்கள்.

6

இனி அந்த நெடுஞ்சாலைக்கு வருவோம். 1990களின் பிற்பாதியில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார்த் தொழிற்சாலை வந்தது. 2000இல் கண்ணாடி ஆலை. அடுக்ககங்களின் பெரிய ஜன்னல், குளியலறைத் தடுப்பு, அலமாரிக் கண்ணாடி எல்லாவற்றுக்கும் தகடு இந்த மண்ணிலேயே உருக்கப்படுகிறது. ஏரிப் பாசன நிலம் மனைப் பிரிவாகி, அங்கே கட்டிய கட்டடத்துக்குள் 'கிராமிய' அலங்காரம் வைக்கப்படுகிறது. உருளியில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிடுகிறார்கள். ஆட்டுக்கல் பால்கனியில் செடித்தொட்டி. காரைக்குடியில் பிரித்து விற்ற தூண், ஹாலில் எதையும் தாங்காமல் நிற்கிறது. ஆத்தங்குடித் தரை ஒரு சுவரில் சட்டம் போட்டு மாட்டப்படுகிறது. உழைப்பு கழன்ற பிறகுதான் பொருள் அழகாகிறது என்பது இந்த அழகியலின் விதி. தறிக்குழியும் கஞ்சி உறியும் மட்டும் இன்னும் யாருடைய ஹாலுக்கும் வரவில்லை. எந்த கிராமம் நினைவாக மாறலாம், எது மாறக்கூடாது என்பதிலும் தேர்வு நடக்கிறது.

மாடுலர் கிச்சனின் மூதாதை 1926இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தது. மார்கரேட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர், தொழிலாளர் குடியிருப்புகளுக்காக, பெண்ணின் நடையையும் கையசைவையும் கணக்கிட்டு வரைந்த சமையலறை அது. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அமைத்தார்கள். அவர் இடதுசாரி, நாஜிகளை எதிர்த்துச் சிறை சென்றவர். பெண்ணுக்கு நேரத்தை மீட்டுத் தருவது நோக்கம். அந்த அடுக்களை சென்னைக்கு வந்து சேர்ந்தபோது என்ன ஆனது? அங்கே பாத்திரம் தேய்க்கிற பெண் அந்த வீட்டுக்காரி இல்லை. மீட்கப்பட்ட நேரம் ஒருத்திக்கு, தேய்க்கும் கை இன்னொருத்திக்கு. பல கட்டடங்களில் அந்த இன்னொருத்திக்கு லிஃப்ட் வேறு, கழிப்பறை வேறு. கொல்லைப்புற வாசல் ஒழிந்துவிட்டது என்கிறார்கள். ஒழியவில்லை, நிமிர்ந்து செங்குத்தாகியிருக்கிறது.

இதே சாலையில் இன்னொரு உட்புறம் உண்டு. 2021 டிசம்பரில், ஐஃபோன் தயாரிக்கும் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, 150க்கு மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஒரே அறையில் நெருக்கியடித்துத் தரையில் படுத்த கதைகள் அப்போதுதான் வெளியே வந்தன. உலகம் முழுவதும் வீட்டு அலங்காரப் படங்களை எடுத்துப் பரப்பும் கருவியைச் செய்தவர்களுக்குச் சுவரில் ஒரு ஆணி அடிக்க இடமில்லை. அந்த மறியலின் பின்விளைவாக விடுதி பற்றிய பேச்சு கொள்கையானது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேருக்கான அரசு விடுதி திறக்கப்பட்டது. பெறுவது படுக்கை, வீடு இல்லை என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளலாம். ஆனாலும் அந்தப் படுக்கையைப் பெற்றுத் தந்தது ரசனை இல்லை, சாலையில் உட்கார்ந்தது.

7

வீட்டுப் பிரச்சினையைத் தனியாகத் தீர்க்க முடியாது என்று எங்கெல்ஸ் 1872இல் வாதாடினார். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு இடதுசாரிகள் வீட்டின் உள்ளே எட்டிப் பார்க்காமலே இருந்துவிட்டார்கள். தலித் அரசியலும் மனைப்பட்டாவோடு பெரும்பாலும் நின்றுகொண்டது. பெண்ணியம் மட்டுமே அடுக்களை வரை வந்தது. இந்த மூன்றும் ஒரே தரையில் சந்திக்கவேண்டும் என்பதற்கே இக்குறிப்புகள்.

சில கேள்விகளைச் செயல்பாட்டாளர்கள் முன் வைக்கலாம். அரசு வீட்டின் வரைபடத்தை யார் வரைவது? அதில் குடியிருக்கப் போகிற பெண்களைக் கூட்டி வைத்து ஏன் வரையக்கூடாது? 360 சதுர அடி என்ற அளவை யாருடைய உடம்பை வைத்து அளந்தார்கள்? பஞ்சமி நிலக் கணக்கெடுப்போடு சேரி நத்தத்தின் வீட்டுமனைக் கணக்கையும் ஊர் ஊராக எடுக்க முடியாதா? எழுதுகிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். கதைகளில் வீடு வரும்போது தூணையும் முற்றத்தையும் வர்ணிக்கிறோம். அந்த வீட்டின் கீழே இருக்கும் மண் யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு வரி எழுதுவோம். ஆயிரம் வருடத்துக்கு முன் உத்திரமேரூர்க் கல்வெட்டு அதைக் கேட்டது, ஆட்களை விலக்கி வைப்பதற்காக. நாம் அதே கேள்வியை வேறு காரணத்துக்காகக் கேட்க வேண்டியிருக்கிறது.